விடுமுறை இங்கே, வாக்கு அங்கே

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளிலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை எல்லோருக்கும் ஒரே நேரம். எல்லோருக்கும் பொது விடுமுறை. அன்று தருமபுரித் தொகுதியில் 81.20 விழுக்காடு வாக்குகள் பதிவாயின. மத்திய சென்னையில் பதிவானது 53.96 விழுக்காடு.

இந்த இடைவெளிக்கு நம்மிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. நகரத்துப் படித்தவர்களுக்கு அக்கறையில்லை, விடுமுறை கிடைத்ததும் ஏற்காட்டுக்கோ புதுச்சேரிக்கோ கிளம்பிவிடுகிறார்கள் என்பதுதான் அது. அப்படிக் கிளம்புகிறவர்களும் உண்டு. ஆனால் தருமபுரியின் கதை இந்தப் பதிலுக்குள் அடங்காது. தருமபுரி வேலை தேடி வெளியூர் போகிறவர்களின் மாவட்டம். பெங்களூருவின் கட்டட வேலைகளிலும் ஓசூர், திருப்பூர்த் தொழிற்சாலைகளிலும் அந்த மாவட்டத்துக்காரர்கள் ஏராளம். உள்ளூரில் ஓட்டு வைத்துக்கொண்டு வெளியூரில் பிழைப்பவர்கள் மிகுந்த ஒரு தொகுதி, மாநிலத்திலேயே முதலிடம் பிடிக்கிறது. வாக்காளர்களின் வாசலிலேயே வாக்குச்சாவடி இருக்கும் தலைநகரம் கடைசியில் நிற்கிறது.

ஆகவே, அக்கறை என்ற ஒரே அளவுகோலை வைத்து இதைப் புரிந்துகொள்ள முடியாது. ஒருவர் எங்கே வேலை செய்கிறார், அவர் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது, அவர் இல்லாத நேரத்தில் வீட்டை யார் பார்ப்பது என்ற மூன்றும் சேர்ந்துதான் வாக்களிப்பதை எளிதாக்குகின்றன, அல்லது கடினமாக்குகின்றன. நம் தேர்தல் சட்டம் இவற்றில் முதலாவதை மட்டுமே கவனித்திருக்கிறது. அதையும் அரைகுறையாக.

சட்டம் தந்த ஒரு நாள்

வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை என்பது முதலாளியின் பெருந்தன்மை அல்ல, சட்டப்படியான உரிமை. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில், 1996-இல் செய்த திருத்தத்தின் மூலம் 135பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வணிகம், தொழில், தொழிற்சாலை அல்லது வேறு எந்த நிறுவனத்தில் வேலை செய்பவராக இருந்தாலும், மக்களவைக்கோ சட்டமன்றத்துக்கோ நடக்கும் தேர்தலில் வாக்குரிமை உள்ள ஒவ்வொருவருக்கும் அன்று விடுமுறை தர வேண்டும்; அதற்காகக் கூலியைப் பிடிக்கக் கூடாது. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை என்ற ஏற்பாட்டில் இருப்பவருக்கும், வேலை செய்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதைக் கொடுக்க வேண்டும். தினக்கூலிகளுக்கும் இது பொருந்தும் என்று தேர்தல் ஆணையம் தேர்தல்தோறும் நினைவூட்டுகிறது. ஒரு தொகுதியில் ஓட்டு வைத்துக்கொண்டு வேறு தொகுதியில் வேலை செய்பவருக்கும் இந்த உரிமை உண்டு.

எழுத்தில் இது நல்ல சட்டம். ஓட்டைகளோ நான்கு.

முதலாவது, தண்டனை. விடுமுறை தர மறுக்கும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. 1996-இல் எழுதிய தொகை இன்றும் மாறவில்லை. நூறு பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையில் ஒரு நாள் உற்பத்தியை நிறுத்துவதைவிட, பிடிபட்டால் 500 ரூபாய் கட்டுவது எத்தனையோ மடங்கு மலிவு.

இரண்டாவது, விதிவிலக்கு. ஒருவர் வேலைக்கு வராவிட்டால் ஆபத்தோ, செய்யும் தொழிலுக்குக் கணிசமான நஷ்டமோ ஏற்படும் என்றால் இந்தப் பிரிவு அவருக்குப் பொருந்தாது. ஆபத்து சரி. மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவையோ கொதிகலனையோ விட்டுவிட்டுப் போக முடியாது. ‘கணிசமான நஷ்டம்’ எவ்வளவு என்று இந்தப் பிரிவு சொல்லவில்லை. கப்பலுக்குச் சரக்கு அனுப்பக் கெடு வைத்திருக்கும் ஏற்றுமதி நிறுவனம் எந்த நாளையும் நஷ்ட நாள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றாவது, யாரைத் தொழிலாளி என்கிறோம் என்பது. ஆட்டோ ஓட்டுநருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் சந்தையில் கீரை விற்கும் பெண்ணுக்கும் விடுமுறை தர முதலாளி இல்லை. வீடு வீடாகப் போய்ப் பாத்திரம் துலக்குகிறவர், தான் வேலை செய்யும் வீடு ஒரு ‘நிறுவனம்’ என்று சொல்லிச் சம்பளத்துடன் விடுப்புக் கேட்பது நடைமுறையில் நடக்காத காரியம். உணவு கொண்டுவந்து தரும் செயலிகள் தங்கள் இளைஞர்களை ஊழியர் என்றே அழைப்பதில்லை, பங்குதாரர் என்கின்றன. வாக்குப்பதிவு நாளில் ஊரே வீட்டில் இருக்கும், ஆர்டர்கள் குவியும். அவர்களுக்கு அது சம்பாதிக்கும் நாள்.

நான்காவது, எந்தத் தேர்தல் என்பது. 135பி சொல்வது மக்களவையையும் சட்டமன்றத்தையும் மட்டும். ஒரு வார்டில் பத்து ஓட்டில் வெற்றி தோல்வி முடிவாகும் உள்ளாட்சித் தேர்தலுக்கு இந்தப் பிரிவின் பாதுகாப்பு கிடையாது. அரசு அறிவிக்கும் விடுமுறையை நம்பித்தான் இருக்க வேண்டும்.

பெயர் இருக்கும் ஊர்

விடுமுறை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஓட்டு எங்கே இருக்கிறது?

1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் அவர் பெயர் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு ஊரில் சொந்த வீடு இருப்பதாலேயே அங்கே வசிப்பவராகிவிட முடியாது. தற்காலிகமாக வெளியூர் போனதாலேயே வசிப்பிடம் மாறிவிடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் தமிழ்நாட்டின் உழைப்பாளிகள் ஏராளமானோர் வாழ்கிறார்கள். பத்து வருடமாகச் சென்னையில் வாடகை வீடு, வருடத்துக்கொரு தெரு மாற்றம், ரேஷன் கார்டும் ஓட்டும் ஊரில், பொங்கலுக்கும் குலதெய்வம் கும்பிடவும் ஊருக்குப் பயணம். இவர் வழக்கமாக வசிப்பது எங்கே? சட்டத்தின் பதில் சென்னை. அவரைக் கேட்டால் ஊர் என்பார்.

அவர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுதித் தர வீட்டுக்காரர் தயங்குகிறார். ஊர்ப் பட்டியலில் பெயர் இருப்பது, நிலமும் உறவும் உரிமையும் அங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன என்பதற்குச் சாட்சி. சென்னையில் யார் வென்றாலும் அவருக்கு ஒன்றுதான். ஊரில் யார் வெல்கிறார் என்பது கோயில் திருவிழா வரைக்கும் பாதிக்கும். எனவே ஓட்டு ஊரிலேயே இருந்துவிடுகிறது.

பட்டியல் எவ்வளவு பழுதடைந்திருக்கிறது என்பதை 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தம் காட்டியது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. அவற்றுள் 66 லட்சத்துக்கும் மேற்பட்டவை இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் போனவை. சென்னை மாவட்டத்தில் மட்டும், ஏறத்தாழ 40 லட்சம் பெயர்களில் 14 லட்சத்துக்கும் மேல் விடுபட்டன. அது வரைவுதான், தகுதியுள்ளவர்களும் விடுபட்டிருக்கிறார்கள் என்ற புகார்கள் எழுந்தன, மீண்டும் சேர்க்கக் கால அவகாசமும் தரப்பட்டது. ஆகவே இந்த எண்ணை 2024-இன் வாக்கு விழுக்காட்டோடு அப்படியே பொருத்திக் கூட்டிக் கழிக்க முடியாது. இருந்தாலும் ஒன்று தெளிவாகிறது. ஆள் இல்லாத பெயர்கள் பட்டியலில் நிறைய இருந்தால் வாக்கு விழுக்காடு தானாகவே குறையும். மத்திய சென்னையின் 53.96-இல் சோம்பேறித்தனம் எவ்வளவு, வீடு மாறிப்போன குடித்தனக்காரர்கள் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் நகரவாசிகளைத் திட்டுவது நியாயமில்லை.

முந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு நாள்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் மிஷினில் உட்காரும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார்; சனிக்கிழமை தோறும் சம்பளம். வெள்ளிக்கிழமை வாக்குப்பதிவு. வியாழன் இரவு வேலை முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், அவரைப் போலவே ஊருக்குக் கிளம்பியவர்களின் கூட்டம். நின்றுகொண்டே மதுரை ஆரப்பாளையம் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து மாட்டுத்தாவணி போய், மறுபடி ஊர் பஸ். 250 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலையில் வீடு சேர்ந்து, குளித்து, ஓட்டுப் போட்டு, அம்மாவோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டால் மறுபடி கிளம்பும் நேரம் வந்துவிடும். சனிக்கிழமை காலை மிஷினில் உட்கார வேண்டுமென்றால் இரண்டு இரவுத் தூக்கம் போகும். உட்காரவில்லையென்றால் சனிக்கிழமைக் கூலி போகும்.

சட்டம் அவருக்குத் தருவது வெள்ளிக்கிழமைக் கூலி. பீஸ் ரேட்காரருக்கு வேலை செய்யாத நாளின் ‘கிடைத்திருக்கக்கூடிய கூலி’ எவ்வளவு? அதைக் கணக்கிடும் முறை பிரிவில் இல்லை. அவரை வேலைக்கு வைத்தது கம்பெனியா, காண்ட்ராக்ட்காரரா என்பதிலேயே தகராறு வரும். சில இடங்களில் அன்றைய விடுமுறைக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்குவார்கள். கையில் வருவது ஒன்றுமில்லை என்று தெரிந்தே அவர் பஸ் ஏறுகிறார்.

மனைவியும் குழந்தைகளும் உடன் வந்தால் செலவு மூன்று நான்கு மடங்கு. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில்தான். திருப்பூரிலிருந்து மதுரை போகும் பஸ்ஸில் செல்லாது. ஆகவே பல குடும்பங்களில் ஒரு சமரசம் நடக்கிறது. கணவர் மட்டும் போகிறார், மனைவி குழந்தைகளோடு திருப்பூரிலேயே இருந்துவிடுகிறார். ஒரு குடும்பத்தின் இரண்டு ஓட்டு ஒன்றாகச் சுருங்குவது இப்படித்தான்.

2019 ஏப்ரல் 18 வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு கோயம்பேட்டில் போதிய பஸ் இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் தவித்தார்கள். ஆத்திரமடைந்த பயணிகள் மறியலில் இறங்கினார்கள். ஓட்டுப் போடுவதற்காகச் சாலையில் உட்கார்ந்து போராடியவர்களை அக்கறையற்றவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. இப்போது தேர்தலுக்குத் தேர்தல் சிறப்புப் பேருந்துகள் விடுகிறார்கள். அவற்றிலும் டிக்கெட் எடுக்க வேண்டும்.

இந்தப் பயணச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்குச் சட்டத்தில் ஒரு தடை மட்டும் இருக்கிறது. வேட்பாளரோ அவர் ஆட்களோ வாக்காளர்களை இலவசமாகச் சாவடிக்கு ஏற்றிச்செல்ல வண்டி அமர்த்துவது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி முறைகேடான செயல். தனியே தண்டனைக்குரிய குற்றமும்கூட. சரியான தடைதான். ஆனால் அரசும் தராது, முதலாளியும் தரமாட்டார், வேட்பாளரும் தரக் கூடாது என்றால் அந்தப் பள்ளத்தை யாராவது திருட்டுத்தனமாக நிரப்புவார்கள். உள்ளாட்சித் தேர்தல் காலத்தில் எந்தக் கிராமத்து பூத் ஏஜென்ட்டிடமும் ‘வெளியூர் ஓட்டு எத்தனை?’ என்று கேட்டுப் பாருங்கள். பெயர், ஊர், செல்போன் எண்ணோடு பட்டியல் வைத்திருப்பார். யாருக்குப் பஸ் செலவு அனுப்பியாகிவிட்டது என்பதற்கும் அதில் டிக் இருக்கும். ஓட்டுக்குப் பணம் என்று நாம் பொதுவாகக் கண்டிக்கும் வழக்கத்தின் ஒரு பகுதி, பயணப்படியாகத்தான் உள்ளே நுழைகிறது.

வட மாநிலத் தொழிலாளர்களை நினைத்தால் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. பிகாரிலோ ஒடிசாவிலோ ஓட்டு வைத்திருப்பவர் திருப்பூரிலிருந்து ரயிலில் போய்ச்சேரவே இரண்டு நாள் ஆகலாம். ஒரு நாள் விடுமுறை அவருக்கு எதற்கும் உதவாது.

வீட்டு வேலைக்கு விடுமுறை இல்லை

தேர்தல் நாளில் அலுவலகம் மூடும், பள்ளிக்கூடம் மூடும், கடை மூடும். அடுப்பு மூடாது. சொல்லப்போனால் அன்று வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். ஊரிலிருந்து ஓட்டுப் போட வந்த மைத்துனர் குடும்பமும் இருக்கும். பல பெண்களுக்குத் தேர்தல் விடுமுறை என்பது கூடுதல் சமையல் நாள்.

அதனால்தான் கிராமத்துச் சாவடிகளில் காலை 7 மணி வரிசையில் பெண்கள் நிறையப் பேரைப் பார்க்கலாம். “போட்டுட்டு வந்து உலை வச்சுக்கலாம்” என்று கிளம்பி வந்தவர்கள். அந்த நேரத்தைத் தவறவிட்டவர்கள் சமையலும் சாப்பாடும் முடிந்து வெயில் தாழ்ந்த பிறகுதான் வருவார்கள். இடைப்பட்ட பொழுது அவர்களுடையது அல்ல.

இவ்வளவுக்கும் பிறகு, 2019 மக்களவைத் தேர்தலில் இந்திய அளவில் பெண்களின் வாக்கு விழுக்காடு முதன்முறையாக ஆண்களை மிஞ்சியது. வேறுபாடு மிகச் சிறியதுதான். ஆனால் விடுமுறையின் பலனை ஆண்களைவிடக் குறைவாகப் பெறுகிறவர்கள் அதை எட்டினார்கள் என்பது கவனிக்க வேண்டியது. ஊரிலேயே இருக்கும் பெண்களும் வெளியூர் போன ஆண்களும் சேர்ந்து உண்டாக்கிய வேறுபாடாகவும் அது இருக்கலாம்.

திருமணம் இன்னொரு சிக்கல். இந்தியாவில் இடம்பெயரும் பெண்களில் பெரும்பாலோர் திருமணத்தால் இடம்பெயர்கிறவர்கள் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. மணமாகி வந்த பெண்ணின் பெயர் பிறந்த வீட்டுப் பட்டியலில் கிடக்கும். புகுந்த வீட்டு முகவரிக்குப் பெயரை மாற்றப் படிவம் 8 நிரப்ப வேண்டும். வந்த புதிதில் முகவரிச் சான்று எதுவும் அவர் பெயரில் இருக்காது. முதல் குழந்தை, அதன் பள்ளி என்று வருடங்கள் ஓடிவிடும். அந்த இடைவெளியில் வரும் தேர்தலில் அவர் பெரும்பாலும் இரண்டு ஊரிலும் வாக்களிப்பதில்லை.

முதியோர் பராமரிப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 85 வயதைக் கடந்தவர்களும் 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் ஊனமுற்றோரும் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே தபால் வாக்குப் போடலாம். நல்ல ஏற்பாடு. 2024 மார்ச் வரை வயது வரம்பு 80 ஆக இருந்தது. மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன் 85 ஆக உயர்த்தினார்கள். ஆனால் படுக்கையில் இருக்கும் மாமியாரின் வாக்கு வீடு தேடி வந்து வாங்கப்படும்போது, அவரை ஒரு நிமிடம்கூடத் தனியே விட முடியாத மருமகள் சாவடிக்குத்தான் போக வேண்டும். பராமரிக்கப்படுபவரைச் சட்டம் பார்த்துவிட்டது; பராமரிப்பவரைப் பார்க்கவில்லை.

வரிசையின் கணக்கு

ஊரிலேயே இருப்பவருக்கும் நேரம் ஒரு செலவு. ஒரு சாவடிக்கு அதிகபட்சம் 1,500 வாக்காளர்கள் என்பது நெடுநாள் வழக்கம். அவர்களில் 70 விழுக்காட்டினர், அதாவது 1,050 பேர், 11 மணி நேரத்தில் வாக்களிக்க வேண்டுமென்றால் ஒருவருக்குக் கிடைப்பது சுமார் 38 விநாடி. அந்த 38 விநாடிக்குள் முதல் அலுவலர் பட்டியலில் பெயரைத் தேடிப் பிடித்து உரக்கப் படிக்க வேண்டும். ஏஜென்ட்டுகள் தங்கள் பட்டியலில் கோடு போட வேண்டும். விரலில் மை, பதிவேட்டில் கையெழுத்து அல்லது ரேகை, பிறகு மறைவிடம். பொத்தானை அழுத்தியதும் ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிந்து விழும். அடுத்தடுத்து ஆட்கள் வெவ்வேறு கட்டங்களில் இருப்பதால்தான் கணக்கு ஒத்துவருகிறது. நாள் முழுக்கச் சீராக வந்தால் சிக்கலில்லை. ஏப்ரல் வெயிலில் யார் சீராக வருவார்கள்? 10 மணிக்குள் பாதிக் கூட்டம், 4 மணிக்கு மேல் மீதி.

2025-இல் ஒரு சாவடிக்கு 1,200 பேர் என்று ஆணையம் வரம்பைக் குறைத்தது. அதே 70 விழுக்காட்டுக்கு ஒருவருக்கு 47 விநாடி கிடைக்கும். சிறிய மாற்றம் போலத் தெரிந்தாலும், கைக்குழந்தையோடு நிற்பவருக்கும் அரை நாள் அனுமதியில் வந்தவருக்கும் இது பெரிய உதவி.

வரிசையில் நிற்பவர்களுக்குச் சில உரிமைகள் உண்டு. கைக்குழந்தையை உள்ளே தூக்கிச் செல்லலாம், விதிகள் அனுமதிக்கின்றன. கைக்குழந்தையோடு வரும் பெண்களுக்கும் உடல்நலம் குன்றியவர்களுக்கும் முன்னுரிமை தரலாம் என்று அலுவலர்களுக்கான கையேடு சொல்கிறது. மாலையில் நேரம் முடியும்போது வரிசையில் யார் நின்றாலும் அவருக்கு வாக்கு உண்டு. தலைமை அலுவலர் கையெழுத்திட்ட எண் சீட்டுகளை வரிசையின் கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னோக்கிக் கொடுத்துக்கொண்டு வருவார். புதிதாக யாரும் வால்புறம் சேராமல் இருக்கத்தான் அந்தத் தலைகீழ் வரிசை. வேலை முடித்து 5.55-க்கு ஓடி வருகிறவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நேரத்தை நீட்ட முடியாது என்பதும் இல்லை. 2019-இல் மதுரையில் வாக்குப்பதிவு நாளும் சித்திரைத் தேரோட்டமும் ஒரே நாளில் வந்தன. தேதியை மாற்றக் கேட்டு வழக்குகூட நடந்தது. தேதி மாறவில்லை, மதுரைத் தொகுதிக்கு மட்டும் இரவு 8 மணி வரை நேரம் தந்தார்கள். திருவிழாவுக்காக இரண்டு மணி நேரம் நீட்ட முடிந்தால், ஷிப்ட் வேலைக்காரர்கள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூருக்கும் திருப்பூருக்கும் நீட்ட முடியாதா?

சாவடிக்கு வர முடியாதவர்கள்

தேர்தல் பணியில் இருக்கும் ஆசிரியர்கள், காவலர்கள் முன்கூட்டியே தபால் வாக்குப் போடுகிறார்கள். ரயில்வே, மருத்துவம், ஊடகம் போன்ற துறைகளில் ஆணையம் அத்தியாவசியப் பணி என்று அறிவிக்கும் பிரிவினருக்கும் அந்த வாய்ப்பு இப்போது உண்டு. ஆனால் அவர்கள் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் படிவம் 12டி தர வேண்டும். பிறகு குறிப்பிட்ட மையத்துக்கு நேரில் போய் வாக்களிக்க வேண்டும். இந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கும் தனியார் துறைக்காரருக்குத் தபால் வாக்கே இல்லை. வெளியூரில் ஏடிஎம் வாசலில் உட்காரும் காவலாளியும், லாரியோடு குஜராத்தில் இருக்கும் நாமக்கல் ஓட்டுநரும் வாக்களிக்க வழியில்லாத வாக்காளர்கள்.

மற்ற நாடுகள் இந்தச் சிக்கலை வெவ்வேறு விதமாக அணுகியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் வாக்களிப்பது 1924 முதல் கட்டாயம். ஆனால் கட்டாயத்தோடு வசதியும் தருகிறார்கள்: தேர்தல் எப்போதும் சனிக்கிழமை, தன் மாநிலத்துக்குள் எந்தச் சாவடியிலும் வாக்களிக்கலாம், அன்று முடியாதவர்கள் முன்கூட்டியே போடலாம். பிரிட்டனில் வேலை நாளான வியாழக்கிழமையில்தான் தேர்தல், விடுமுறையும் இல்லை. காலை 7 முதல் இரவு 10 வரை சாவடி திறந்திருக்கும். காரணம் சொல்லாமலே தபால் வாக்குக் கேட்கலாம். அமெரிக்கா 1845-இல் விவசாயிகளின் வசதிக்காக வகுத்த செவ்வாய்க்கிழமையை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது; முன்கூட்டிய வாக்குப்பதிவும் தபாலும்தான் அதைக் காப்பாற்றுகின்றன.

நமக்கு மிக அருகில் இருக்கும் பாடம் இலங்கையுடையது. அங்கே தனியார் துறை ஊழியர்களுக்குத் தபால் வாக்கு இல்லை. கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் மலையகத் தமிழர்கள் நுவரெலியா, பதுளைத் தோட்டங்களுக்குத் திரும்பிப் போய்த்தான் வாக்களிக்க வேண்டும். ஆனால் விடுப்பைத் தூரத்தைப் பொறுத்து அளக்கிறார்கள். அண்மைய தேர்தல்களில் அந்நாட்டுத் தேர்தல் ஆணைக்குழு அறிவித்த அளவு இது: வாக்குச்சாவடி 40 கிலோமீட்டருக்குள் இருந்தால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். அங்கேயும் எல்லா முதலாளிகளும் இதை மதிப்பதில்லை. ஆனாலும் வாக்காளரும் சாவடியும் ஒரே ஊரில் இருப்பதாகக் கற்பனை செய்யாத விதி அது. நம் 135பி அந்தக் கற்பனையில்தான் நிற்கிறது.

செய்ய வேண்டியவை

இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு இது தெரியாததல்ல. 2019 தேர்தலில் 30 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்களிக்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, தொலைவாக்கு இயந்திரம் ஒன்றை 2022 டிசம்பர் 29 அன்று அறிவித்தது. ஒரே சாவடியிலிருந்து 72 தொகுதிகளுக்கு வாக்களிக்க வகைசெய்யும் மாதிரி அது. 2023 ஜனவரி 16 அன்று கட்சிகளை அழைத்தது. காங்கிரஸ் உள்ளிட்ட பல எதிர்க்கட்சிகள் எதிர்த்தன. இடம்பெயர்ந்தவர் யார் என்ற வரையறை இல்லை, திருப்பூரில் நடக்கும் பிகார் வாக்குப்பதிவைக் கண்காணிக்க எந்தக் கட்சியிடம் ஏஜென்ட் இருக்கிறார் என்ற கேள்விகள் நியாயமானவை. திட்டம் அப்படியே நின்றது.

பெரிய இயந்திரம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சிறிய திருத்தங்கள் நான்கு போதும். 135பி-யின் விடுப்பு, தூரத்தைப் பொறுத்து இரண்டு நாள்வரை நீள வேண்டும். அபராதம் 500 ரூபாய் என்பதை மாற்றி, விடுப்பு மறுக்கப்பட்ட ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனித்தனியாக, அவருடைய கூலியின் மடங்குகளில் விதிக்க வேண்டும். மாநில எல்லைக்குள் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, மாவட்டத் தலைநகரில் ஒரு மையத்தில் சில நாள் முன்னதாக வாக்களிக்கும் வசதியைத் தனியார் துறைக்கும் திறந்துவிட வேண்டும்; தேர்தல் பணியாளர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் ஏற்பாட்டின் விரிவுதான் இது. உள்ளாட்சித் தேர்தலுக்கும் இதே உரிமைகளை மாநிலச் சட்டமன்றம் தர வேண்டும்.

இவற்றில் எதுவும் அடுத்த தேர்தலுக்குள் வராமல் போகலாம். எனவே வாசகர் தன் கையில் இருப்பதைச் செய்துகொள்வது நல்லது. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு வாக்காளர் பட்டியல் மூடப்பட்டுவிடும். அதற்குப் பிறகு எந்தப் பெயரையும் சேர்க்கவோ மாற்றவோ முடியாது. வாக்குப்பதிவு நாளுக்குச் சில வாரம் முன்பே வரும் நாள் அது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவும் நாள் வேண்டும் என்பதால் அதற்கும் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். பிழைக்கும் ஊரில்தான் வாழ்க்கை என்று முடிவாகிவிட்டால் படிவம் 8 கொடுத்துப் பெயரை இங்கே கொண்டுவாருங்கள். ஊரோடுதான் ஓட்டு என்றால், தேதி அறிவித்த அன்றே டிக்கெட் எடுத்துவிட்டு, மேலதிகாரியிடம் 135பி-யைச் சொல்லி எழுத்தில் விடுப்புக் கேளுங்கள். வீட்டில் முதியவரோ குழந்தையோ இருந்தால் யார் எந்த நேரத்தில் போவது என்று முந்தைய இரவே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் போவது வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெண்ணாக இருக்கட்டும்.